பதினேழாவது கூற்று

எர்தெனெத் நகரில் மைனஸ் முப்பத்தொன்று.
பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடியில்
சூட்டுக்குழாய் தட்டிக்கொண்டே இருக்கிறது,
யாரோ வெளியே நிற்பதுபோல.
செம்புச் சுரங்கத்து ஆட்கள் பன்னிரண்டு பேர்
குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறோம்.

தலைநகரிலிருந்து வந்த சொலோங்கோ
ஆளுக்கொரு படிவம் தந்தாள்.
இருபத்தெட்டு கூற்றுகள்,
ஒன்று முதல் ஐந்துவரை வட்டமிட வேண்டும்.
"சரி, தப்பு கிடையாது. நீங்கள் நம்புவதுதான் வேண்டும்."
நம்புவதை எண்ணால் சொல்வது
எனக்குப் பிடித்திருந்தது. வாய் திறக்க வேண்டாம்.

மூன்று: சிலருக்கு மொழி பிறவியிலேயே வரும்.
ஐந்து.
எனக்கு வரும் என்று ஏழாம் வகுப்பில்
ரஷ்ய ஆசிரியை சொல்லியிருக்கிறார்.
அன்றிலிருந்து அதைப்
பீங்கான் கிண்ணமாக அலமாரியில் வைத்திருக்கிறேன்.
எடுத்துப் புழங்கினால்தானே உடையும்?

பதினேழு: சரியாகச் சொல்ல வரும்வரை எதையும் சொல்லக் கூடாது.
ஐந்து. வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம்.

பக்கத்தில் புரேவ்ஜாவ்,
ஆளைவிட இருமடங்கு உயர டயர்களை
லாரிகளுக்கு மாட்டுகிறவர்.
மூன்றாவதற்கு அவரும் ஐந்துதான்.
"இருக்கிறவனுக்கு இருக்கும். எனக்கு இல்லை,
என் அப்பனுக்கும் இல்லை" என்று
பென்சிலை நாக்கில் தொட்டு வட்டமிட்டார்.

ஆனால் கேன்டீனில்
சிலி நாட்டுப் பொறியாளர் இபான்யெஸ்
தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தபோது
புரேவ்ஜாவ் ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டார்:
"டயர் கோபம். நேத்து கல் தின்னான்.
இன்னிக்கு வயிறு திறந்து."
இபான்யெஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.
"எத்தனை டயர்?"
"நாலு. ஒண்ணு செத்து."
இல்லாத கிண்ணத்தை யார் உடைக்க முடியும்?

எனக்கு அந்த வாக்கியம் முழுசாகத் தெரியும்,
செயப்பாட்டு வினையில், காலம் பிசகாமல்.
முன்னால் 'எ' போடுவதா 'தி' போடுவதா
என்பது மட்டும் பாக்கி.
அதை முடிவுசெய்வதற்குள்
சூப்பில் கொழுப்பு உறைந்து
இருவரும் டயர் பார்க்கப் போய்விட்டார்கள்.
வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்கலாம்.
ஆமாம், நிஜமாகவே,
ஆட்டிறைச்சி அடைத்த பூஸ்.
மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

இத்தனைக்கும் பேசுவதுதான் என் பிழைப்பு.
கட்டுப்பாட்டு அறை ரேடியோவில்
முப்பத்தாறு லாரிகளை என் மொழியில் அதட்டுவேன், கெஞ்சுவேன்,
ஓட்டுநர் தூங்கிவிடாமலிருக்க
அவன் மாமியாரைக் கேலி செய்வேன்.

ஜனவரி. இரவுப் பணி.
இபான்யெஸ் ரேடியோவில் வந்தார்,
எந்தச் சரிவில் இறங்குவது என்று.
மொழி தெரிந்த மேற்பார்வையாளர் கழிவறையில்.
பொத்தானை அழுத்தினேன். இரைச்சல்.
'எ'வும் 'தி'யும் வாசலில் நின்று
நீ முந்தி நான் முந்தி என்றன.
"மூணு... மூணு வேண்டாம்.
பனி. கண்ணாடி. நீ அஞ்சு போ."

சொன்ன பிறகுதான் பார்த்தேன்,
ஒரு வினைச்சொல்லுக்கும் சட்டை இல்லை.
பீங்கான் உடையும் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
"அஞ்சு. நன்றி" என்றது ரேடியோ.
அவருடைய ஆங்கிலத்திலும் மணல் நறநறத்தது.
அதுவரை அதை நான் கேட்டதே இல்லை,
என் இலக்கணத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதனால் மாறிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.
மறுவாரமே அவர் சும்மா நலம் விசாரிக்க,
மைக்கைத் துங்கலாக் கையில் திணித்துவிட்டேன்.
வழுக்கும் பனி இல்லாதபோது
என்னத்தைப் பேச?

ஒன்று செய்தேன். சொலோங்கோவைத் தொலைபேசியில் பிடித்து
பதினேழில் என் ஐந்தை
மூன்றரை ஆக்க முடியுமா என்று கேட்டேன்.
கணக்கு முடிந்துவிட்டது அக்கா, என்றாள்.
தவிர, அரை என்பது படிவத்தில் இல்லை.

அவளுடைய வரைபடத்தில்
மூன்றாவது கூற்றுக்கு மேலே
நானும் புரேவ்ஜாவும் ஒரே புள்ளி,
ஒருவர்மேல் ஒருவராக.
அந்தப் புள்ளியில் எந்தப் பாதி
டயர் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்று
அவளுக்கு எப்படித் தெரியும்?